நானே அழைக்கிறேன்

டீச்சர்,

இன்று பள்ளியில் பசை காய்ச்சினேன். ஆண்டு விழாத் தோரணம் ஒட்டுவதற்கு. கடையில் வாங்கி வந்த பசைப் புட்டிகளை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் மணியிலேயே காலி செய்துவிட்டார்கள். பாதி தாளில், பாதி தலைமுடியில். சரி என்று சத்துணவுக்கூடத்தில் ஒரு சட்டி வாங்கி, மரவள்ளிக் கிழங்கு மாவைக் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டினேன். மாவு வெளுப்பு மாறிக் கண்ணாடியாகி, கரண்டியில் கனத்து வரும்போது ஒரு வாசனை வருமே, பச்சைக் கிழங்கும் கஞ்சியும் கலந்த மாதிரி, அது வந்தது. எனக்குக் கை ஓடவில்லை. கரண்டியைச் சமையலம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். "கண்ணுல பொகைங்க" என்று சொன்னேன். கேஸ் அடுப்பில் ஏது புகை?

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆசிரியர் அறையில் உங்கள் நாற்காலியில் புதிதாக வந்த டீச்சர் உட்காருகிறார். நல்ல பெண், சின்ன வயசு. "உங்களுக்கு டீயில சக்கரை எவ்வளவுங்க?" என்று அன்பாகத்தான் கேட்கிறார். ஆனாலும் அந்த நாற்காலியில் சாய்ந்து ஆடும்போது எனக்குச் சுர்ரென்று வருகிறது. அதற்கு ஒரு கால் குட்டை என்பதும், அதில் சாயக் கூடாது என்பதும் நமக்கு மட்டும் தெரிந்த சங்கதி. ஒருநாள் விழட்டும் என்று நினைத்தேன். பிறகு எனக்கே வெட்கமாகி, ஒரு அட்டையை மடித்துக் காலுக்குக் கீழே செருகி வைத்தேன்.

இத்தனை நாள் எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், கடைசியாகப் பார்த்த அன்று உங்களிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அது தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. அதை மட்டும் தனியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. உங்கள் கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஆரம்பித்தால்தான் வரும். எனக்குத் தெரிந்ததையே எனக்குச் சொல்கிறாளே என்று சிரிக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாததும் இதில் இருக்கிறது.

எட்டு வருடம் நாம் ஒரே பஸ்ஸில் இந்த மலைப் பள்ளிக்கு ஏறினோம். அடிவாரத்தில் காலை முதல் பஸ். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டு. ஜன்னல் உங்களுக்கு, கம்பி எனக்கு. எழுபது வளைவிலும் நீங்கள் என் தோளில் தலையைப் போட்டுத் தூங்குவீர்கள். நான் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, வாந்தி வரக் கூடாதென்று துஆ ஓதிக்கொண்டு வருவேன். அவ்வளவு நெருக்கமாக இருந்தும் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நீங்கள் எனக்கு டீச்சர், நான் உங்களுக்கு டீச்சர். எங்கள் வீட்டுக்காரர்கூடக் கேலி செய்வார்: "இதுல யாரு டீச்சர், யாரு பிள்ளை?"

ஐம்பதாவது வளைவோ என்னவோ, ஒருநாள் நீங்கள் தூங்கவில்லை. "டீச்சர், நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேனுங்க" என்றீர்கள். நாற்பத்தியொரு வயதில், மார்க் ஷீட் போட வேண்டும் என்று சொல்கிற அதே குரலில். "என்னது!" என்று நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"மெதுவாங்க! கண்டக்டரு இப்பவே சாப்பாடு எப்பன்னு கேட்டுருவாரு."

யார் என்று கேட்டேன். கேட்காமலே தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு என்று ஒரு மலைவாழைத் தாரைக் கொண்டுவந்து சத்துணவுக்கூடத்தில் இறக்கிவிட்டு, வாயைத் திறக்காமல், உங்கள் வகுப்பு ஜன்னலை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாரே, மலைமேல் அரியூர் நாட்டுக்காரர். மனைவியை இழந்தவர், பள்ளத்தில் கொஞ்சம் நெல் வயல், மேட்டில் மிளகுக் கொடி. அவர்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எலுமிச்சம்பழத்தை உங்கள் மடியில் போட்டுவிட்டு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று எனக்கு வாந்தியும் வரவில்லை.

ஆனால் உங்களுக்கு ஒரு தம்பி இருந்தார். மலைக்கு அந்தப் புறம், புளியஞ்சோலைப் பக்கம் உங்கள் ஊர். அம்மா முன்பே போய், நீங்கள் டீச்சர் டிரெயினிங் படிக்கும்போது அப்பாவும் போய், தம்பியை நீங்கள்தான் தூக்கி நிறுத்தினீர்கள். படிக்க வைத்தீர்கள், கடலைக்காட்டில் கிணறு வெட்டிக் கொடுத்தீர்கள், பெண் பார்த்துக் கட்டி வைத்தீர்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் உங்களைப் பற்றி யோசித்தீர்கள். ஒரு சனிக்கிழமை அவரிடம் சொல்லப் போய், திங்கட்கிழமை அழுது முகம் வீங்கி வந்தீர்கள்.

"இந்த வயசுல என்ன கல்யாணம், அதுவும் மலமேல போயி? ஊருக்குள்ள நான் தல நிமுந்து நடக்கறதா வேண்டாமாங்கறானுங். போறதுன்னா போ, இனி இந்த ஊட்டுப் படி ஏறாதன்னுட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரி சாமின்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனிதர் அன்று எதிரில் இருந்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பேன். நீங்கள் எழுபது வளைவும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தீர்கள். கல்யாணத்தை நிறுத்தப் போவதில்லை, அது உறுதி. ஆனால் அந்தத் தம்பி இல்லாமல் மணவறையில் நீங்கள் எப்படி நிற்கப் போகிறீர்கள் என்ற கவலை அன்றைக்கு எனக்குள் வந்து உட்கார்ந்தது.

பிறகு பிரஸ்ஸுக்குப் போனோம். ஆடி மாதம், பிரஸ்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நம்மைப் பார்த்ததும் மாதிரிப் பத்திரிகைகளை எடுத்துப் பரப்பினார். எல்லாம் எழுதிக்கொண்டு, "அழைக்கறவங்க பேரு சொல்லுங்" என்றார்.

"நான்தாங்க."

"இல்லீங், பெரியவங்க பேரு. அப்பா இல்லீன்னா பெரியப்பா, சித்தப்பா, தம்பி, ஆராச்சும்."

"ஆரும் இல்லீங். என் பேரையே போடுங்."

மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கெட்டவர் இல்லை, சங்கடப்பட்டார். "பொண்ணே கூப்படறாப்பல அடிச்சா நல்லாருக்காதுங்கம்மா. பேருக்கு ஒரு ஆம்பள பேரு வேணுமுங்." நீங்கள் எழுந்துவிட்டீர்கள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது என் பக்கம் திரும்பி, "உங்க ஊட்டுக்காரர் நோட்டுக் கடையில அட்டை இருக்குமுங்களா? நாமளே எழுதிக்கலாம் டீச்சர்" என்றீர்கள். செருப்பைக் கால் மாற்றி மாட்டியிருந்தீர்கள். நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

மாப்பிள்ளை பத்திரிகையே வேண்டாம் என்றார். அவர் பக்கம் வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போய் வாயால் சொன்னால் வந்துவிடுவார்கள். உங்களுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "எத்தன பேரு ஊட்டுப் பத்திரிகைக்கு நான் மஞ்சத் தடவிக் குடுத்திருப்பேன் டீச்சர். எனக்குன்னு ஒண்ணு வேணுமுங்க" என்றீர்கள். ஆடியில் நல்ல காரியத்தைத் தொடலாமா என்று நான்தான் உங்களுக்காகப் பயந்தேன். "எழுதறது ஆடியில, குடுக்கறது ஆவணியில" என்று ஒரே போடாகப் போட்டீர்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்தோம். கடையிலிருந்து அரக்கு நிற அட்டையை எங்கள் வீட்டுக்காரர் அளவாக வெட்டி, மடித்துக் கொடுத்தார். நீங்கள் மலையிலிருந்து ஒரு கூடை பெரணி இலை கொண்டுவந்திருந்தீர்கள். ஓடையோரம் முளைக்கிற அந்த இலையின் அடிப்பக்கம் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் பொடி இருக்கும். நம் பிள்ளைகள் புறங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் இலை அப்படியே வெள்ளையாகப் பதியும். அதையே அட்டை முகப்பில் பதிக்கலாம் என்பது உங்கள் யோசனை. தட்டினீர்கள். அடடா, என்ன அழகு! அரக்கின் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு பெரணி, நரம்பு நரம்பாக. நாமே நம்மை மெச்சிக்கொண்டு, அத்தனை அட்டையிலும் பதித்து, அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி வைத்தோம். அடுத்த நாள் பிரித்துப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று உரசி ஒரு இலையும் இல்லை. எல்லா அட்டையிலும் திருநீறு கொட்டிய மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சுதான். பிள்ளைகளின் கையில் அது ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை என்பதை எட்டு வருடமாகப் பார்க்கிற இரண்டு டீச்சர்களுக்கும் அது தோன்றவில்லை பாருங்கள்.

"நம்மள நம்பி அரசாங்கம் பிள்ளைங்கள அனுப்புது" என்றீர்கள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

அதனால்தான் பசை. இலைகளைப் பாடப்புத்தகக் கட்டுகளுக்கு அடியில் வைத்து ஒரு வாரம் அழுத்தினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு அடுப்பில் கிழங்கு மாவைக் காய்ச்சி, இலையையே ஒட்டினோம். ஒட்டுவது நீங்கள், எழுதுவது நான். காரணம் ஊருக்கே தெரியும்: உங்கள் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். டீச்சராக இருந்துகொண்டு எப்படித்தான் அப்படி எழுதினீர்களோ. உள்ளே ஒட்டும் வெள்ளைத் தாளில், மேலே ஒரு பிள்ளையார் சுழி, பிறகு நாள், நேரம், கோயில், மாப்பிள்ளை பேர், உங்கள் பேர். கடைசியில் என்ன எழுதுவது என்று வந்தபோது நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். "அப்பா இருந்திருந்தால் அவர் அழைத்திருப்பார். தம்பி கோபமாக இருக்கிறான். அதனால் என் கல்யாணத்துக்கு நானே அழைக்கிறேன். கட்டாயம் வந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்."

"தம்பி கோபத்த எல்லாம் பத்திரிகையில போடுவாங்களா டீச்சர்?"

"உள்ளதுதானுங்களே."

"உள்ளது உள்ளேயே இருக்கட்டும்" என்று அந்த வரியை நான் அடித்தேன். நீங்கள் சண்டை போடவில்லை. ஆனால் அடுத்த இலையைக் கோணலாக ஒட்டினீர்கள்.

மதியம் நான் எழுந்து போய்த் தொழுதுவிட்டு வந்து மறுபடி பேனாவை எடுத்தேன். மனசு இன்னும் முசல்லாப் பாயிலேயே இருந்ததோ என்னவோ. ஒரு பத்திரிகையை எழுதி முடித்து உங்கள் பக்கம் தள்ளினேன். நீங்கள் இலையை ஒட்டி முடித்துவிட்டு உள்ளே பார்த்தீர்கள். பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டீர்கள். பிள்ளையார் சுழி இருக்க வேண்டிய இடத்தில் நான் 786 போட்டு வைத்திருந்தேன். சின்ன வயதிலிருந்து எந்தத் தாளை எடுத்தாலும் என் அத்தா போடச் சொன்ன எண். கை தானாகப் போட்டுவிட்டது.

"டீச்சர், எனக்கு நிக்காஹ் பண்ணி வெச்சுட்டீங்களே!"

எனக்கு உயிரே போய்விட்டது. கிழித்துப் போடலாம் என்று பிடுங்கினேன். நீங்கள் விடவில்லை. "கல்யாணப் பத்திரிகையக் கிழிக்கக் கூடாதுங்க. இது எனக்கு. உங்க சாமியும் ஒரு ஓரமா வந்துட்டுப் போகட்டும்" என்று அதை உங்கள் பாடக்குறிப்பு நோட்டுக்குள் வைத்துக்கொண்டீர்கள். அந்த நோட்டைத் திறக்கும்போதெல்லாம் ஒரு சிரிப்புச் சிரிப்பீர்கள்.

ஆவணி பிறந்தது. ஒவ்வொரு பத்திரிகையாக நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்து முடித்தீர்கள். தம்பிக்கு ஒன்று அனுப்பலாமா என்று பஸ்ஸில் கேட்டேன். தலையை ஆட்டினீர்கள். "வேண்டாமுங்க. நான் பத்திரிகை வெச்சு அவன் வராமப் போயிட்டான்னா, அத என்னால தாங்க முடியாதுங்க டீச்சர். வெக்கலீன்னா, வெக்காததனால வரலீன்னு நெனச்சுக்குவேன்." நான் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டேன். ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இனி சொல்வதுதான் நான் உங்களிடம் சொல்லாதது. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு, நீங்கள் இரண்டாம் வகுப்பில் பாட்டு நடத்திக்கொண்டிருந்தபோது, மேஜைமேல் இருந்த உங்கள் நோட்டைத் திறந்து அந்தப் பத்திரிகையைத் திருடினேன். புதிதாக ஒன்று எழுதியிருக்கலாம்தான். ஆனால் அதில் நீங்கள் ஒட்டிய இலை இருக்காதே. என் எழுத்தை மட்டும் கொண்டுபோய் அவரிடம் நீட்ட எனக்கு மனமில்லை. 786 இருக்கிறதே என்றும் யோசித்தேன். அல்லா விட்ட வழி என்று பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, நாமக்கல் போய், துறையூர் பஸ் பிடித்து, அங்கிருந்து புளியஞ்சோலை பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்தேன். உங்கள் தம்பி வீட்டு வாசலில் நிலக்கடலை காய வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியே நீங்கள். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

"ஏனுங், ஆருங்க வேணும்?"

"உங்க அக்கா கூட வேலை பாக்கறேனுங்க. பத்திரிகை கொண்டாந்திருக்கேன்."

அவர் வாங்கவில்லை. உள்ளேயிருந்து வந்த அவர் மனைவிதான் வாங்கி அவர் கையில் திணித்தார். இலையைத் தடவிப் பார்த்தார். திறந்தார். முகம் மாறியது.

"இதென்னங்க மேல? மதமும் மாறிட்டாளா?"

"இல்லீங்க, இல்லீங்க! அது என் கைப் பழக்கம். நான் எழுதறப்ப தவறிப் போச்சு."

"நீங்க எழுதுனதா? அவ எழுதலையா?"

"உங்க அக்கா எழுத்து உங்களுக்குத் தெரியாதுங்களா?"

ஒரு வினாடி அவருக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். உடனே அடக்கிக்கொண்டார். "எத்தன பேரு உக்காந்து எழுதுனீங்க?" என்று கேட்டார்.

"நானும் அவங்களும்தாங்க."

"ரெண்டே பேரா?"

ஆமாம் என்றேன். அவர் கடலைக்குப் பக்கத்தில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கீழே இருந்த வரியை வாய்விட்டுப் படித்தார்: "நானே அழைக்கிறேன்." பிறகு என்னிடம் இல்லை, தரையைப் பார்த்துச் சொன்னார்: "என் கல்யாணத்துக்கு இந்தச் சுத்துப்பட்டு பூரா வெயில்ல அலஞ்சு அவதானுங்க பத்திரிகை வெச்சா. அதுல அவ பேரு எங்கயும் இல்ல. பெரியப்பா பேரத்தான் போட்டோம். ஒரு வார்த்த கேக்கல அவ." அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். "சொந்தக்காரன் நான் இங்க இருக்கேன். எங்க அக்கா கல்யாணத்துக்கு எழுத ஆளில்லாம, வேத்து ஊட்டு அம்மா எழுதியிருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன வேற்று வீடா? வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன், அதிசயமாக. மோர் கொடுத்தார்கள், குடித்தேன். வருவீர்களா என்று கேட்டேன். "நேரமாச்சுங்க, பஸ் போயிரும்" என்றார். நான் வந்தது உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸில் வரும்போது பயம் பிடித்துக்கொண்டது. அவர் வராமல் போனால், நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அதை நானே செய்துவைத்தவள் ஆகிவிடுவேனே.

கல்யாணத்தன்று காலையில் மலைமேல் பனியில் கோயில் கோபுரமே தெரியவில்லை. மாப்பிள்ளை ஊரே வந்திருந்தது. பள்ளியிலிருந்து எல்லோரும் வந்திருந்தோம். உங்கள் பக்கம் என்று நாங்கள்தான். நீங்கள் சிரித்த முகமாகத்தான் நின்றீர்கள். ஆனால் பனிக்குள் ஒரு வண்டிச் சத்தம் கேட்டால் உங்கள் கழுத்து தானாகத் திரும்பியது. என் கழுத்தும்தான். மாப்பிள்ளைக்கு முதல் மாலையைப் பெண்ணின் அண்ணனோ தம்பியோ போட்டு மணவறைக்குக் கூட்டிவர வேண்டும் என்பது அவர் ஊர் வழக்கம். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, "பொண்ணுக்குத் தம்பி ஆருங்க?" என்று கூப்பிட்டார். இரண்டாம் தரம் கூப்பிட்டார். "ஆரையாவது போடச் சொல்லுங்க" என்று நீங்கள் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஹெட்மாஸ்டர் துண்டைச் சரி செய்துகொண்டு முன்னால் போனார்.

அப்போதுதான் கோயிலுக்குப் பின்னால் இருந்த காட்டுத் தடத்திலிருந்து அவர் வந்தார். பஸ் சுற்றி வர நேரமாகும் என்று புளியஞ்சோலையிலிருந்து மலையை நேராக நடந்தே ஏறியிருந்தார். வேட்டியெல்லாம் சேறு, முழங்கையில் முள் கீறல், நெஞ்சோடு அணைத்த ஒரு துணிப்பை. உங்களைப் பார்க்கவில்லை. நேராகப் பெரியவரிடம் போய், "நான்தாங்க தம்பி. மாலையைக் குடுங்க" என்றார். போட்டார். மாப்பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். எல்லாம் முடித்து உங்கள் எதிரில் வந்து, துணிப்பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து இரு கையாலும் நீட்டினார்.

நீங்கள் கேட்டீர்கள்: "சாப்பிட்டியா சாமி?"

அவ்வளவு பெரிய மனிதர் அத்தனை பேருக்கு நடுவில் தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன். ஹெட்மாஸ்டர்கூட மூக்கைத் துடைத்தார். நீங்கள் மட்டும் அழவில்லை. உங்கள் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. என் காதோரம் குனிந்து, "பாத்தீங்களா டீச்சர், பத்திரிகை வெக்காமலே வந்துட்டான்" என்றீர்கள். அந்த முகத்திடம் நான் எப்படிச் சொல்வேன்?

ஆறு வருடம் மலைமேல் வாழ்ந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் வண்டியில் உங்களைப் பள்ளியில் இறக்கிவிடுவார், வாழைத் தாரோடு. தம்பி பொங்கலுக்கு வந்தால் சொல்வீர்கள், பலாப்பழம் கொண்டுவந்தால் சொல்வீர்கள், புதிதாக யார் பள்ளிக்கு வந்தாலும் சொல்வீர்கள்: "எங்க தம்பி என் கல்யாணத்துக்குக் கூப்பிடாமலே வந்தவனுங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பீர்கள். நான் நோட்டுத் திருத்துகிற மாதிரி குனிந்துகொள்வேன். அந்த ஒரு வார்த்தையில் நீங்கள் எவ்வளவு பெருமையாக வாழ்கிறீர்கள், அதைக் கெடுக்க நான் யார் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு சிறுநீரகம் கெட்டு, சேலத்து ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். ஒரு பக்கம் வீட்டுக்காரர், ஒரு பக்கம் தம்பி, மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். அந்த மதியம் நான் வந்தபோது தம்பி வெளியே ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே நீங்கள் தலையணையில் இன்னும் சின்னதாகிப் போயிருந்தீர்கள். கையைப் பிடித்தேன். நீங்கள் கண்ணைத் திறந்து, எந்த முன்னுரையும் இல்லாமல் கேட்டீர்கள்.

"அவனுக்கு நீங்கதானுங்களே போயி பத்திரிகை வெச்சீங்க?"

"எந்தப் பத்திரிகைங்க? நான் எங்கயும் போகலியே" என்றேன். ஆறு வருடப் பெருமையை, அந்தக் கட்டிலில் வைத்து உங்களிடமிருந்து பிடுங்க எனக்குக் கை வரவில்லை டீச்சர். அதுதான் அந்தப் பொய்.

நீங்கள் சிரித்தீர்கள். "கல்யாணத்துக்கு மூணு நாள் இருக்கறப்ப நோட்டத் தொறந்தேனுங்க. காணோம். அத எடுக்கறதுக்கு இந்த ஒலகத்துல வேற ஆரு இருக்கா?"

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த கேக்கல?" என்று கேட்டிருக்க வேண்டும் நான். கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்களே சொன்னீர்கள். "கேட்டிருந்தா, அவன் வராமப் போயிருந்தா, நீங்க என் மூஞ்சியப் பாக்க மாட்டீங்க. அவனும் போயி நீங்களும் போயிட்டா நான் என்ன பண்றதுங்க?" மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தி, "நீங்களாச் சொல்லுவீங்கன்னு ஆறு வருசமா அதையே சொல்லிச் சொல்லிக் கிள்ளிப் பாத்தேன். அழுத்தமான ஆளுங்க நீங்க" என்றீர்கள்.

அப்போதும் நான் சொல்லவில்லை. "தூங்குங்க டீச்சர். நாளன்னைக்கு வாரேன்" என்று போர்வையை இழுத்துவிட்டேன். "செரி, நீங்க போகலைன்னே இருக்கட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். அந்த நாளன்னைக்கு எனக்குக் கிடைக்கவில்லை. மலைமேல் உங்களை எடுத்த அன்று தம்பி என் பக்கத்தில் வந்து நின்று, "அக்காகிட்டக் கடைசி வரைக்கும் நான் சொல்லலீங்க" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் இப்போது என்னையும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். நான் வேற்று வீடு இல்லை என்று ஒருவழியாகத் தெரிந்துகொண்டார்.

நீங்கள் என்னைக் காப்பாற்ற வாயைத் திறக்கவில்லை. உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து நானும் திறக்கவில்லை. உங்களுடையது அன்பு. என்னுடையதில் பாதி பயம். அந்தப் பயத்தால் ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லாமல் உங்களைத் தூங்க விட்டுவிட்டேன். அதைத்தான் ஒரு வருடமாகச் சுமக்கிறேன். பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் அதை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். இன்றைக்காவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆமாங்க டீச்சர். நான்தான் போனேன். மூணு பஸ் மாறிப் போனேன். இன்னொரு தடவ போகச் சொன்னாலும் போவேன்.